‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லைக் குறித்துத் தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இணையச் செய்தித் தளங்களிலும் நீங்கள் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லைக் குறித்து எழுதுகிறேன். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் கொள்ளும் ஈர்ப்பைக் குறிக்க நம் செய்திகளில் பெரும்பாலும் ‘ஓரினச்சேர்க்கை’ என்றும், அவ்வீர்ப்பு உடையவரைக் குறிக்க ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்றும் எழுதி வருகிறோம். ‘எழுதி வருகிறோம்’ என்று என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு நாளிதழின் இரவுப் பணியில் 16 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தும் தலைப்புப் போட்டும் பிழைத்தவன் நான். அந்தச் சொல்லை எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அது பொருளிலும் பிழையானது, பயன்பாட்டிலும் தீங்கானது என்பதால் கைவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எனக்கு இது உறைத்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்பேசிச் செயலி ஒன்றில் பழகிய ஒருவரை நம்பிச் சென்ற இளைஞரை மூன்று பேர் மிரட்டி, கழுத்திலிருந்த சங்கிலியையும் கையிலிருந்த பணத்தையும் பிடுங்கிக்கொண்ட வழக்கு அது. இரவு பதினொன்றரை மணிக்கு வந்த செய்திக்கு ‘ஓரினச்சேர்க்கைக்கு அழைத்து வாலிபரிடம் நகை, பணம் பறிப்பு’ என்று தலைப்புப் போட்டவன் நான்தான். பெயரை வெளியிடவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மாலை அந்த இளைஞரே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். வயது, வேலை, தெருவின் பெயர் மூன்றும் செய்தியில் இருந்தன. அவர் வீட்டில் வாங்குவதும் எங்கள் பேப்பர்தான். “திருடினது அவங்க சார், தலைப்புல நான்தானே இருக்கேன்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. சில வாரங்கள் கழித்து அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக நிருபர் சொன்னார். பறித்தவர்களுக்கு அந்தத் தலைப்பைவிட நல்ல பாதுகாப்பு வேறு கிடைத்திருக்காது.

அதன்பிறகுதான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். ‘இனம்’ என்பது தமிழில் வகை, குலம், உயிரின வகுப்பு ஆகியவற்றைக் குறிக்கும். ஆண், பெண் என்ற பகுப்பைத் தனியாக நின்று அது குறிப்பதில்லை. அதைக் குறிக்க நமக்குப் ‘பால்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஆண்பால், பெண்பால் என்று பள்ளி இலக்கணத்திலேயே படித்திருக்கிறோம். எனவே ‘ஓரினம்’ என்றால் ஒரே உயிரினம் என்றுதான் பொருள்படும், அந்தக் கணக்கில் உலகத்தில் மணம் முடித்த எல்லாரும் ஓரினத்தில் சேர்ந்தவர்களே. இதற்கு எதிர்ச்சொல் தேடினால் ‘வேற்றினச்சேர்க்கை’ என்று வரும், அது குதிரைக்கும் கழுதைக்கும் பொருந்துமேயன்றி ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தாது.

அடுத்து வரும் ‘சேர்க்கை’ இதைவிடச் சிக்கலானது. மாணவர் சேர்க்கை, உறுப்பினர் சேர்க்கை என்று நாம் நாள்தோறும் எழுதும் இடங்களில் அது வெள்ளந்தியான சொல். ‘இன’த்தோடு ஒட்டியதும் உயிரியல் பாடத்திலும் கால்நடை வளர்ப்பிலும் வழங்கும் ‘இனச்சேர்க்கை’யாக, அதாவது விலங்குகள் கூடுவதாக, மாறிவிடுகிறது. மனிதர்களின் ஆண்–பெண் காதலைப் பற்றிய செய்தியில் ‘இனச்சேர்க்கை’ என்று எந்த ஆசிரியரும் எழுதமாட்டார், எழுதினால் வாசகர் சும்மா விடமாட்டார். காதல் என்கிறோம், இல்லறம் என்கிறோம். ஒரே பாலைச் சேர்ந்த இருவர் என்றவுடன் மட்டும் மாட்டுக் கொட்டகையின் சொல்லை எடுத்துக்கொள்கிறோம்.

இச்சொல்லுக்கு வீடுகளில் இன்னொரு நிழலும் உண்டு. பிள்ளை படிக்கவில்லை, குடிக்கிறான், ஊர் சுற்றுகிறான் என்றால் “சேர்க்கை சரியில்லை” என்பது நம் பெற்றோர் வாயில் இயல்பாக வரும் தொடர். மகனோ மகளோ மனத்தில் உள்ளதைச் சொன்ன அன்று, யாரோடு சேர்ந்து இப்படி ஆனாய் என்று கேட்பது அதன் தொடர்ச்சிதான். கெட்ட சகவாசத்தால் வருவது, சகவாசத்தைத் துண்டித்தால் போய்விடுவது என்ற நினைப்பை அந்தச் சொல் தன் வயிற்றிலேயே சுமக்கிறது. செல்பேசியைப் பிடுங்குவதும், வீட்டில் அடைத்து வைப்பதும், அவசர அவசரமாக வரன் பார்ப்பதும் அந்த நினைப்பிலிருந்துதான் பிறக்கின்றன. இத்தனைக்கும் ஒரு சொல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல் அவர்களுக்குத் துணை நிற்கிறது.

இது மேலைநாட்டுச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்புதானே, நம்மேல் என்ன தவறு என்று சிலர் கேட்கக்கூடும். நேர் மொழிபெயர்ப்பு அன்று என்பதுதான் வேடிக்கை. ‘ஹோமோசெக்‌ஷுவல்’ என்ற சொல்லை ஆக்கியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். 1868இல் எழுதிய ஒரு கடிதத்தில் அதைப் பயன்படுத்தினார். ஆண்களுக்கிடையேயான உறவைத் தண்டித்த பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து 1869இல் பெயரிடாமல் வெளியிட்ட துண்டு நூல்களில் அது முதன்முறையாக அச்சேறியது. முன்பாதி ‘ஒரே’ என்று பொருள்படும் கிரேக்கம்; பின்பாதி ‘பால்’ என்று பொருள்படும் இலத்தீன். தண்டனைக்கு எதிராக வாதாட உருவான அந்தச் சொல்லில் ‘சேர்க்கை’ என்று எதுவும் இல்லை. அதைச் சேர்த்தவர்கள் நாம். முன்பாதியை இலத்தீனில் ‘மனிதன்’ என்று பொருள்படும் சொல்லோடு குழப்பிக்கொண்டு, அது ஆண்களை மட்டுமே குறிக்கும் என்று எண்ணுபவர்களும் உண்டு. நம் பேச்சுவழக்கிலும் ‘ஹோமோ’ என்பது ஆண்களை மட்டும் நோக்கி எறியப்படும் வசையாகச் சுருங்கிப்போனது. பின்னாளில் மருத்துவர்கள் கையில் சிக்கி நோயின் பெயராக ஆனதால், அந்த மூலச்சொல்லையே ஆங்கில இதழ்கள் பலவும் இப்போது தவிர்க்கின்றன.

ஈர்ப்பு வேறு, செயல் வேறு என்பது இம்மடலின் அடிப்படை. யாரையும் தொட்டிராத பதினாறு வயதுச் சிறுமிக்கும் தன் ஈர்ப்பு யார்மீது என்று தெரிந்திருக்கலாம். வாழ்நாள் முழுவதும் தனியாக இருக்கும் ஒருவருக்கும், துறவு பூண்டவருக்கும், பெற்றோருக்காக ஒரு பெண்ணை மணந்துகொண்டு வாய்மூடி வாழும் ஆணுக்கும் அந்த ஈர்ப்பு இருக்கலாம். இவர்களில் எவரையும் ‘சேர்க்கையாளர்’ என்று அழைப்பது பொய்யுரை. அதேபோல, சிறைகளிலும் விடுதிகளிலும் சூழல் காரணமாக அச்செயலில் ஈடுபடும் எல்லாருக்கும் அவ்வீர்ப்பு நிலையானதாக இருப்பதில்லை. நம் சொல் முதல் வகையினரைச் செய்யாத செயலால் அடையாளப்படுத்துகிறது; இரண்டாம் வகையினரைக் கொள்ளாத ஈர்ப்பால் அடையாளப்படுத்துகிறது. ஒரே கல்லில் இரண்டு பிழை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் இப்படித்தான் இயங்கியது. அதில் தன்பாலீர்ப்பு, அதாவது ஒரே பாலினத்தவர்மீது கொள்ளும் ஈர்ப்பு, என்ற பேச்சே இல்லை; ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவு என்ற செயல்தான் இருந்தது. செயலைக் குறித்த சட்டம் ஒரு வகை மனிதரையே குற்றவாளியாக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. மருத்துவ உலகம் அதற்கு நெடுநாள் முன்பே நகர்ந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்றும் தங்கள் நோய்ப் பட்டியல்களிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கின. அது நோயன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அறிவித்தது. ஆனாலும் நம் கேள்வி–பதில் பகுதிகளில் ‘இப்பழக்கத்திலிருந்து விடுபடுவது எப்படி’ என்ற வினா வந்துகொண்டேயிருக்கிறது, ‘பழக்கம்’ என்ற சொல்லைத் தொடாமலேயே விடையும் அச்சாகிறது.

சரி, எதை எழுதுவது? ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல் சில ஆண்டுகளாகவே புழக்கத்தில் இருக்கிறது. ‘தற்பாலீர்ப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டில் எது சரி என்று மெய்ப்பு மேசைகளில் சண்டை நடப்பதை நானே பார்த்திருக்கிறேன், சண்டைக்கு அவசியமே இல்லை. ‘தன்’ என்பதன் ஈற்று னகரம் வல்லினத்தோடு புணரும்போது மாறாமலும் நிற்கலாம், றகரமாகத் திரியவும் செய்யலாம் என்று நன்னூல் இரண்டையும் ஏற்கிறது. தற்புகழ்ச்சி, தற்காப்பு என்றெல்லாம் திரிந்த வடிவில் எழுதும் நமக்குத் ‘தற்பால்’ அயலானதன்று. (எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்வதையும் நம் இலக்கணக்காரர்கள் ‘புணர்ச்சி’ என்றே அழைத்தார்கள், அதற்கு எந்தத் தமிழாசிரியரும் கூச்சப்பட்டதில்லை.) ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு இதழ் முழுவதும் ஒரே சீராக எழுதினால் போதும். என் தேர்வு ‘தன்பாலீர்ப்பு’. படித்தவுடன் பிரித்துப் பொருள்கொள்ள அதுவே எளிது.

இச்சொல்லில் ஒரு குறை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘பால்’ என்பதற்கு ‘இடத்து’ என்ற பொருளும் இருப்பதால், ‘அவர் கூட்டத்தைத் தன்பால் ஈர்த்தார்’ என்று நாம் எழுதும் தொடரின் சாயல் இதில் விழுகிறது, தன்னையே விரும்புதல் என்று ஒருவர் தடுமாறக்கூடும். பிரிக்காமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் இந்தத் தடுமாற்றம் பெரிதும் குறையும். ‘ஒருபாலீர்ப்பு’ என்று எழுதுவோர் இக்குறையைத் தவிர்க்கத்தான் அப்படி எழுதுகிறார்கள் போலும். ஆனால் அதில் ‘ஒரு பக்கம்’ என்ற சாயல் வந்து அமர்ந்துகொள்கிறது. ‘பால்’ என்ற சொல்லுக்கு ஊழ் என்ற பொருளும் உண்டு. தலைவனும் தலைவியும் எதிர்ப்பட்டுக் காதல் கொள்வதைத் தொல்காப்பியக் களவியல் ‘பாலது ஆணையின்’ நிகழ்வதாகச் சொல்கிறது. யார்மீது யாருக்கு ஈர்ப்பு வரும் என்பது அவரவர் தேர்வில் இல்லை என்பதை அந்தப் பழம்பொருள் தற்செயலாக ஏந்தி நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது, இதை வாதமாக வைக்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

இதோடு தொடர்புடைய ‘பாலியல் விருப்பம்’, ‘பாலியல் தேர்வு’ என்ற தொடர்களையும் தவிர்ப்பது நல்லது. உணவகத்தில் எது வேண்டும் என்று கேட்பதைப் போன்ற தோற்றத்தை அவை தருகின்றன. ‘பாலீர்ப்பு’ என்றால் எல்லாருக்கும் உள்ளது என்பது விளங்கும். அதில் தன்பாலீர்ப்பும் எதிர்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் அருகருகே அமரும். ‘இயல்பானவர்கள்’ என்று ஒரு பக்கத்தாரை அழைக்க வேண்டிய தேவையும் அதனால் இல்லாமல் போகும்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் பயன்பாட்டுக்கு வருகிறேன். சிறுவன் ஒருவனை வயதுவந்த ஆண் சீரழித்த செய்திகளில் ‘சிறுவனுடன் ஓரினச்சேர்க்கையில் ஈடுபட்ட’ என்று எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தத் தொடரின் இலக்கணத்தைக் கவனியுங்கள். ‘உடன்’ என்ற உருபு சிறுவனையும் அச்செயலின் பங்காளி ஆக்கிவிடுகிறது. ‘ஈடுபட்ட’ என்பது விளையாட்டிலோ வியாபாரத்திலோ ஈடுபட்டதைப் போல ஒலிக்கிறது. நடந்தது பாலியல் வன்கொடுமை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்ட குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. சிறுமியைச் சீரழித்தவனைப் பற்றி எழுதும்போது அவனுடைய எதிர்பாலீர்ப்பைத் தலைப்பில் போடாத நாம், சிறுவன் என்றவுடன் குற்றத்தின் பெயரை விழுங்கிவிட்டு ஈர்ப்பின் பெயரைப் போடுகிறோம். அதனால் குற்றம் சிறுத்துப்போகிறது; அக்குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஏராளமானோர்மீது அதன் கறை படிகிறது; அந்தச் சிறுவன் வளர்ந்து பழைய செய்தியைத் தேடிப் படிக்கும் நாளில் தன்னையும் அதில் கூட்டாளியாகக் காண்பான். வயதுவந்த ஆண்கள்மீதான வன்முறைக்கும் இதுவே பொருந்தும். மனமொப்பாத செயலுக்கு அதுவரை பொருந்தி வந்த 377ஆம் பிரிவுக்கு நிகரான ஒன்று, பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. சட்டத்தில் தனிப்பெயர் இல்லாத அந்தக் கொடுமைக்குச் செய்தியிலாவது சரியான பெயர் வேண்டும்.

திருமணச் செய்திகளில் நேர்வது கொஞ்சம் நகைப்புக்குரியது. ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க மறுத்து 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது ‘ஓரினச்சேர்க்கைத் திருமணம்’ என்ற தொடர் எங்கும் கண்ணில் பட்டது. சேர்க்கை, அதற்கொரு திருமணம்! வழக்காடியவர்கள் கேட்டவை தம் உறவுக்கான சட்டப் பெயரும், அதன்வழி வரும் வாரிசுரிமை, மருத்துவமனையில் ஒருவருக்காக ஒருவர் முடிவெடுக்கும் உரிமை போன்றவையும்தான். ‘ஒரே பாலினத்தவர் திருமணம்’ என்று எழுதினால் செய்தி முழுமையாக விளங்குகிறது, முகம் சுளிக்கவும் எதுவும் இல்லை.

திருநங்கையரையும் தன்பாலீர்ப்பினரையும் ஒன்றாகக் குழப்புவதைச் சுருக்கமாகவே தொடுகிறேன், ஏனெனில் இதை உங்களில் பலர் இப்போது சரியாகவே எழுதுகிறீர்கள். ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது பாலின அடையாளம். யார்மீது ஈர்ப்பு என்பது பாலீர்ப்பு. ஒரு திருநங்கைக்கு ஆண்மீதும் ஈர்ப்பு இருக்கலாம், பெண்மீதும் இருக்கலாம்.

புதுச்சொல் வாசகருக்குப் புரியாது என்பதுதான் ஆசிரியர் கூட்டங்களில் நான் அதிகம் கேட்ட மறுப்பு. புவியீர்ப்பு தெரிந்தவருக்கும் பெண்பால் தெரிந்தவருக்கும் தன்பாலீர்ப்பு விளங்காமல் போகாது. நாம் சொல்லை மாற்றியதே இல்லையா? ஒரு காலத்தில் ‘கற்பழிப்பு’ என்று கூசாமல் எழுதினோம்; அழிந்தது பாதிக்கப்பட்டவளின் கற்பு என்று அச்சொல் பழியை அவள் தலையில் கட்டுகிறது என்று பெண்கள் இடித்துரைத்தபின் ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதத் தொடங்கினோம், எந்த வாசகரும் புரியவில்லை என்று பேப்பரை நிறுத்தவில்லை. ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. தமிழ்நாட்டில் 2008 ஏப்ரலில் திருநங்கையருக்கான நல வாரியம் அமைந்தபோது அதன் பெயரில் ‘அரவாணி’தான் இருந்தது, இன்று தேநீர்க்கடையில்கூடத் ‘திருநங்கை’ என்கிறார்கள். அந்தச் சொற்களைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் நம் தலைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு.

தலைப்பில் இடம் இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு உதவி ஆசிரியராகவே விடை சொல்கிறேன். ‘ஓரினச்சேர்க்கை’ எட்டு எழுத்து, ‘தன்பாலீர்ப்பு’ ஏழு. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ பதினோரு எழுத்து; ‘தன்பாலீர்ப்பினர்’ ஒன்பது. ஒற்றைப் பத்தித் தலைப்பில் இரண்டு எழுத்தின் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அறியாமையை ஒப்புக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. மதுரையிலிருந்து பெற்றோரின் எதிர்ப்பைத் தாண்டிச் சென்னைக்கு வந்து சேர்ந்த இரு இளம்பெண்கள் தொடுத்த வழக்கில், இப்பொருள் பற்றித் தமக்குப் போதிய தெளிவு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வெளிப்படையாகவே சொன்னார். உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்தபின் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் பாலினச் சிறுபான்மையினர் குறித்த கலைச்சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எனக்கு நிறைவளிப்பதாகச் சொல்லமாட்டேன். அரசு ஆக்கும் சொற்களில் அலுவலக வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும். ஆயினும் உங்கள் மேசை இழுப்பறையில் அதன் ஒரு படி இருக்க வேண்டும்.

எந்தப் பட்டியலுக்கும் மேலான ஒன்று, குறிக்கப்படுபவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பது. ஆண்மீது ஈர்ப்புள்ள ஓர் ஆண் ‘நான் கே’ என்று சொன்னால் அதையே எழுதுங்கள். ‘லெஸ்பியன்’ என்றால் அதை. நம்பி (கே), நங்கை (லெஸ்பியன்), பால்புதுமையர் (குயர்) என்ற சொற்களை விரும்பி ஏற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பேட்டி எடுக்கும்போது பெயரையும் ஊரையும் கேட்பதுபோல் இதையும் ஒரு வரியில் கேட்டுவிடலாம். இவை அனைத்துக்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, செய்திக்கு அந்த அடையாளம் தேவைதானா என்பது. விபத்தில் இறந்தவரின், கடன் தொல்லையால் தற்கொலை செய்துகொண்டவரின், பணம் பறிகொடுத்தவரின் ஈர்ப்பு யார்மீது என்பது பெரும்பாலும் செய்தியே அன்று.

உங்கள் நடைக் கையேட்டில் ஓரிடம் ஒதுக்கி, ‘ஓரினச்சேர்க்கை’ என்பதற்கு நேரே ‘தவிர்க்க’ என்று குறித்து, ஈர்ப்பைச் சொல்லத் ‘தன்பாலீர்ப்பு’ என்றும், மணத்தைச் சொல்ல ‘ஒரே பாலினத்தவர் திருமணம்’ என்றும், குற்றமாயின் குற்றத்தின் பெயரை மட்டுமே எழுதுவது என்றும் பதிந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய செய்திகளை இணையத்தில் வைத்திருப்போர், குறைந்தது குழந்தைகள் தொடர்பான செய்திகளின் தலைப்புகளையாவது தேடித் திருத்த வேண்டும். தேடல் பெட்டியில் அந்த எட்டு எழுத்தைத் தட்டினால் பட்டியல் வந்துவிடும். ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

நான் போட்ட அந்தத் தலைப்பை இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘செயலியில் பழகி வாலிபரிடம் நகை, பணம் பறிப்பு, 3 பேர் கைது’. தெருவின் பெயரையும் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
முன்னாள் உதவி ஆசிரியர் ஒருவர்